கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சீமை வண்டி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு தெய்வங்கள். ஒன்று ஊர் எல்லையில் இருக்கும் அம்மன். அவளுக்கு ஆடி மாதம் ஒரு நாள் கூழ் ஊற்றிவிட்டு மறந்துவிடுவார். இன்னொன்று கம்பெனி. அதற்கு மறதியே கிடையாது, தினமும் ஆராதனைதான்.

கம்பெனி என்றால் அவர் வேலை பார்த்த இடம் இல்லை. அவர் வேலை பார்த்தது மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில். காலையில் அம்பத்தூரில் ரயில் ஏறுவார், விளக்கு வைக்கும் நேரத்துக்கு கிரீஸ் வாசனையோடு மேனாம்பேட்டுக்குத் திரும்புவார். கம்பெனி என்று அவர் சொன்னது, கப்பல் தாண்டி சீமையில் எங்கோ இருந்த தொழிற்சாலையை. அதை அவர் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் கம்பெனிக்காரன் ஓர் இடத்தில் ஆணி அடித்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அடிக்காமல் விட்டிருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். நான் வைத்த குழம்பில் உப்பு குறைந்தால் மட்டும் காரணம் கிடையாது, அது என் கவனக்குறைவு.

அவர் என் தாய்மாமன் மகன். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அதே மாமாதான். சண்டை போட உரிமை கூடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கரையான்சாவடியில் ரோட்டை ஒட்டி ஒரு வக்கீலுக்குத் தோட்ட வீடு இருந்தது. வக்கீல் செத்துப் பல வருஷம் ஆகியும் அவருடைய பழைய மோட்டார் வண்டி கொட்டகையில் கிடந்தது. கோழி அதில்தான் முட்டை வைக்கும். வக்கீலுடைய மகனுக்குக் கொட்டகை வேண்டியிருந்தது, வண்டி வேண்டாம். ஒருநாள் பட்டறைக்கு வந்தவன், யாராவது இழுத்துக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும் என்று சொல்லியிருக்கிறான். இவர் அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு வந்து என் நைனாவிடம் மாடு கேட்டார்.

நைனாவின் ஏர்மாடுகள் அந்த வண்டியைக் கரையான்சாவடியிலிருந்து திருவேற்காடு வழியாகக் கூவத்து மணலில் இறக்கி ஏற்றி இழுத்து வந்தன. முன்னால் மாடு, நடுவில் கயிறு, பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தபடி என் வீட்டுக்காரர். தெருமுனையில் நின்று நானும் என் தங்கச்சியும் பார்த்தோம்.

"இன்னாக்கா இது, பாடையா?" என்றாள் தங்கச்சி.

அவள் கேட்டதில் தப்பில்லை. மேல் துணி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்து மட்கார்டு இல்லை. பித்தளை விளக்கு ஒன்று பச்சை பூத்துக் குருட்டுக் கண் மாதிரி இருந்தது, இன்னொன்றின் இடத்தில் ஓட்டை. மர ஆரக்கால் சக்கரங்கள் வெயிலில் வெடித்திருந்தன. அவர் இறங்கி வந்து, நான் முதல் பிள்ளையைப் பெற்றால் என்ன முகம் வைத்துக்கொள்வாரோ அந்த முகத்தோடு, "எல்லாம் ஒரிஜினல்" என்றார்.

எனக்கு அந்த வண்டி பிடித்துப்போனது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வேண்டுமென்றே வம்பு செய்ததாகத் தோன்றும். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓலைக் கூரை போட்டு அதை நிறுத்திய அன்று சாயங்காலமே, அதை என்ன நிறத்தில் அடிப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். கத்திரிப்பூ நிறம். எங்கள் கொல்லைக்குப் பின்னால் கத்திரிச் செடிதான், அதனால் அந்த நிறம் என்று நினைக்க வேண்டாம். ஏன் அந்த நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிடித்தது, அவ்வளவுதான்.

இதை நான் சொன்னதும் அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"கம்பெனியிலேர்ந்து இன்னா கலர்ல வந்துதோ அதே கலருதான் போவும்" என்றார்.

"இன்னா கலர்ல வந்துது?"

"சுரண்டிப் பாத்தா தெரியும்."

"சுரண்டித்தான் பார்க்கணும்னா உனக்கும் தெரியாதுன்னுதானே அர்த்தம்?"

அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கதவருகில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகள் அதில்தான் போயின. மேலே கறுப்பு. அதைத் தேய்த்தால் சிவப்பு மாதிரி ஒன்று. வக்கீல் ஒரு காலத்தில் மைனராக இருந்திருப்பார் போல. அதற்கும் கீழே ஒரு கரும்பச்சை. அது வந்ததும் அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஓர் அணா அகலத்துக்குத் தெரிந்த அந்தப் பச்சையை, கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவர் மாதிரி காட்டினார்.

"இத்தான் கம்பெனி கலரு."

குளத்தில் பாசி பிடித்தால் அந்த நிறம் வரும். "இதுக்குச் சீமையிலே ஆள் போட்டு அடிச்சானா? நம்ம கிணத்துல உட்டு எடுத்திருந்தாலே வந்திருக்குமே" என்றேன். அன்று இரவு குழம்பில் உப்பு குறைந்திருந்ததாம்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது எனக்குத் தெரியும். பட்டறையில் துரைமார் வண்டிகளையும் ஜமீன் வண்டிகளையும் பிரித்துப் பூட்டுவார். ரிப்பேர் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது சீட்டின் மேல் சாக்கை விரித்து அதன் மேல்தான் உட்கார வேண்டும். அது பட்டறை விதி. இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறார், ஒரு சீட்டும் அவர் உடம்பில் பட்டதில்லை. துரைக்குக் கம்பெனி என்ன அனுப்பியதோ, அதே வண்டி ஒரு மாற்றமும் இல்லாமல் தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததற்காகப் பாசி நிறத்துக்குச் சம்மதிக்க முடியுமா?

அடுத்த சண்டை சீட்டு. பழைய தோல் உரிந்து ஆட்டுக்குட்டி மென்ற மாதிரி இருந்தது. உள்ளே அடைப்பதற்குக் குதிரைமுடி வேண்டும் என்றார். கம்பெனி அதைத்தான் வைக்குமாம். அம்பத்தூரில் குதிரைமுடிக்கு எங்கே போவது? ஜட்கா வண்டிக் குதிரைகள் வாலைக் கொடுத்துவிட்டு எதைக் கொண்டு ஈ ஓட்டும்? அவர் பட்டணத்தில் விசாரித்துக்கொண்டே இருந்தார். நான் பூப்போட்ட சீட்டித் துணி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, பழைய சீட்டையாவது பிரித்துச் சுத்தம் செய்யலாம் என்று நானும் தங்கச்சியும் இறங்கினோம். அரிவாள்மணையைத் திருப்பி வைத்துத் தையலைக் கீறினாள் அவள். உள்ளேயிருந்து கைநிறைய எதையோ அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யக்கா, சீமைக் குதிரைக்கு வால்ல தேங்கா காய்க்குமா?"

எல்லாம் தேங்காய் நார். மேலாக ஒரு வரிசை இலவம்பஞ்சு. நன்றாகத் தைத்து, சீராக அடைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்து இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதும் உறைத்தது. சீட்டுப் பலகையைத் தூக்கினோம். அடியில் தேக்கு. அதில் உளியால் கீறிய எழுத்து. புழுதியைத் தங்கச்சி முந்தானையால் துடைத்தாள். 'பின் வலம்' என்று தமிழில் இருந்தது. கதவுச் சட்டத்தைப் பார்த்தோம். 'முன் இடம்'. தச்சன் எந்தப் பலகை எந்தப் பக்கம் என்று மறந்துவிடாமல் இருக்க எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல், அவசரம் போல.

சாயங்காலம் அவர் வந்ததும் காட்டினோம். மறைத்து வைக்கலாமா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். தங்கச்சி விடவில்லை, கைவிளக்கை அவளே பிடித்தாள்.

அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. "சில பேருக்குக் கம்பெனிலேர்ந்து என்ஜினும் அடிச்சட்டமும்தான் வரும். சக்கரத்தோட. மேல் பாடி இங்க மெட்ராஸ்ல கோச்சு வண்டி கட்றவங்க கட்டுவாங்க. கேள்விப்பட்டுக்கீறேன். இது அப்படின்னு நெனைக்கல."

"அந்தப் பச்சை?"

"அதுவும் இங்க அடிச்சதுதான். வக்கீலுக்குப் புடிச்சிருக்கும்."

வாயில் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். பாசி நிறம் என்று ஓர் ஆள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை. அவர் கொட்டகையை விட்டு வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். மாட்டுக்கு நான் அப்போதுதான் காட்டியிருந்தேன். மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்துக் கிடந்தார். கோழி மறுபடி உள்ளே ஏற ஆரம்பித்தது, கரையான்சாவடிக் கோழி போய் மேனாம்பேட்டுக் கோழி. எனக்கு அது பொறுக்கவில்லை. ஆறுதல் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பாகப்பிரிவினை செய்து பழக்கம் உண்டு. அதைச் செய்தேன்.

"இந்தா மாமா, கேளு. பலகைக்குக் கீழே கம்பெனிக்காரன் அனுப்பினது. பலகைக்கு மேலே இங்கே கட்டினது. கீழே உன் இஷ்டம். ஒரு திருகாணி மாத்தணும்னு நான் சொல்லமாட்டேன். மேலே என் இஷ்டம். நீ வாயைத் தொறக்கக் கூடாது."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "பானட்டு?" என்றார்.

"அது மேலே இருக்கு."

"என்ஜினை மூடறது. கீழ்ப் பாகத்துல வரும்."

"சரி, உள்பக்கம் உன்னுது. வெளிப்பக்கம் என்னுது."

எழுந்து உட்கார்ந்தார். மட்கார்டுக்கு இன்னொரு வழக்கு நடந்தது. ஒருவழியாகப் பிரித்து முடித்தோம். என் நைனாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பிரித்தபோதுகூட அத்தனை வாதம் இல்லை.

அதிலிருந்து வேலை ஓடியது. அவர் கீழே, நாங்கள் மேலே. பழைய இரும்புக் கடைகளில் தேடி அதே கம்பெனியின் உடைந்த வண்டியிலிருந்து சாமான் கொண்டுவருவார். புதுசு போட்டால் நன்றாக ஓடும் என்று பட்டறையில் சொன்னார்களாம். வேண்டாம் என்று விட்டு, பழையதைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார். மேலே நாங்கள் நாரை வெயிலில் காயவைத்து உதறி மறுபடி அடைத்து, சீட்டித் துணியில் உறை தைத்தோம். சிவப்புப் பூ, மஞ்சள் இலை. அவர் பார்த்தார், பல்லைக் கடித்தார், ஒப்பந்தப்படி வாயைத் திறக்கவில்லை.

பெயிண்ட் அடித்த நாள் மட்டும் ஊரே வந்துவிட்டது. முதல் தரம் கலந்தது நாவல்பழத்தை மிதித்த மாதிரி வந்தது. வெள்ளையைக் கூட்டினோம், சவத்துக்குப் போர்த்தும் பட்டு மாதிரி ஆனது. மூன்றாவது கலவையைக் கதவில் இழுத்ததும் தங்கச்சி தலையாட்டினாள். அதுதான். வெயிலில் கொஞ்சம் நீலமாக, நிழலில் கொஞ்சம் சிவப்பாக. பெரியப்பா வேலிக்கு அப்பால் நின்று, "கத்திரிக்காய்க்கு இன்னாத்துக்கு நாலு சக்கரம்?" என்றார். அன்றிலிருந்து ஊரில் அதற்குக் கத்திரிக்கா வண்டி என்றே பேர். வீட்டுக்காரர் ரயிலிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்தார்.

என்ஜின் முதல்முறை பிடித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். ஹேண்டில் போட்டுப் போட்டு அவர் தோள்பட்டை இறங்கியிருந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தால், அவர் ஓட்டுபவர் இடத்தில் என் சிவப்புப் பூவின் மேல் உட்கார்ந்திருந்தார். கீழே சாக்கு கிடையாது. இரண்டு கையும் மடியில் இருந்தன. வண்டி அதிர்ந்தது, அவரும் கூடவே அதிர்ந்துகொண்டிருந்தார். நான் கிட்டே போகவில்லை.

அந்த வண்டியில் ஆசை தீரச் சுற்றியது கொஞ்ச நாள்தான். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. ஆவடியில் வயல்களை வளைத்து மிலிட்டரி கொட்டகை போட்டார்கள், ரோடெல்லாம் லாரி. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள். டாக்டருக்கும் ஆபீசருக்கும் போக மிச்சம் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது, தொட்டு முகர்ந்து பார்க்கத்தான் காணும். பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸெல்லாம் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓட, பின்னால் கரி பாய்லரைக் கட்டிக்கொண்டு, கர்ப்பிணிபோல மூச்சு வாங்கிக்கொண்டு போயின. எங்கள் வண்டி கூரைக்குக் கீழே பளபளவென்று நின்றது. தினமும் துடைத்தோம்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்குக் கோவில்பதாகையில் சம்பந்தம் கூடியது. எங்கள் வழக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்பு, பெண் வீட்டார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். தங்கச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் அந்த வண்டியிலதான் போவேன்."

"பெட்ரோல் ஏது?" என்றேன்.

"கரி போடு. பஸ்ஸு ஓடல?"

நானும் அவரும் ஒரே நேரத்தில் முடியாது என்றோம். எங்களுக்குக் கல்யாணமாகி முதல்முறையாக ஒத்துப்போனது அன்றுதான். பாய்லர் மாட்ட அடிச்சட்டத்தில் துளை போட வேண்டும், அது கம்பெனி இரும்பு, முடியாது என்றார் அவர். கத்திரிப்பூ நிறத்துக்குப் பின்னால் அந்தக் கறுப்புத் தகர அண்டாவைக் கட்டினால் பார்க்கச் சகிக்காது, முடியாது என்றேன் நான்.

தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தருக்குக் கம்பெனி, ஒருத்தருக்குக் கலரு. நின்ன எடத்துலயே நிக்கறதுக்கு இத்தனை ரோசனையா? வண்டின்னா போவணும். போவாதுன்னா சொல்லுங்க, கோழியக் கூப்பிட்டு உள்ள உடறேன்."

அவர் இரண்டு நாள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்தார். பிறகு பட்டறையிலிருந்து துளை போடும் கருவியை எடுத்து வந்தார். முதல் துளை போடும்போது என்னை உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை. இரும்புத் தூள் சுருள் சுருளாக விழுந்தது. "முடிஞ்சிது" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார்.

பெண் அழைப்பு அன்று மத்தியானமே நைனாவும் உறவுக்காரர்களும் சீர்த் தட்டுகளோடு மாட்டு வண்டிகளில் கிளம்ப ஏற்பாடு. வண்டிகள் மெதுவாக வரட்டும், நாம் முன்னால் போய்விடலாம் என்று நாங்கள் அவர்களுக்கு முன்னாலேயே கிளம்பினோம். அவர் ஓட்ட, பின்னால் பட்டுப் புடவையில் தங்கச்சி, பக்கத்தில் நான். காலடியில் கரி மூட்டை. அம்பத்தூர் தாண்டும்வரை நன்றாகத்தான் போனது. ஏரிக்கரை மேட்டில் நான் இறங்கித் தள்ளினேன். அதை யாரும் எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. திருமுல்லைவாயில் தாண்டி, ஆவடி நெருங்கும் நேரத்தில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

வடிகட்டியில் புழுதி அடைத்துவிட்டது என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் பிரித்துத் தட்டினார். மறுபடி கரியைப் பற்றவைத்து, ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் புகை கிளம்பும். நான் சுற்றினேன், கை ஓய்ந்தது. தங்கச்சி இறங்கினாள். வேண்டாம் என்றதைக் கேட்காமல் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருதாணிக் கையால் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். புகை அவள் முகத்தைப் பார்த்துத்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து நைனாவின் மாட்டு வண்டிகள் பின்னாலிருந்து வந்து சேர்ந்தன. நைனா கயிற்றை இழுத்து நிறுத்தி, என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு ஜோடி அவுத்து உடட்டுமா?"

இவர் நிமிரவில்லை. "நீங்க போங்க மாமா, வந்துடறோம்."

நைனா போனார். சலங்கைச் சத்தம் தேய்ந்து மறையும்வரை தங்கச்சி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஒரு மிலிட்டரி லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் வெள்ளைக்காரச் சிப்பாய், மூக்கெல்லாம் வெயிலில் தோலுரிந்திருந்தது. இறங்கி வண்டியைச் சுற்றி வந்தான். பித்தளை விளக்கைத் தட்டிப் பார்த்தான். பானட்டைத் தூக்கச் சொன்னான். உள்ளே பார்த்ததும் விசில் அடித்தான். அவன் பேசியதை இவர் பிற்பாடு எனக்குச் சொன்னார். அவன் ஊரில் அவன் சித்தப்பாவிடம் இதே கம்பெனி வண்டி இருந்ததாம், உள்ளே ஒவ்வொரு உறுப்பும் அப்படியே இருக்கிறதாம், இப்படி அவன் எங்கேயும் பார்த்ததில்லையாம். அதைக் கேட்க இவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அவனுக்குத் தெரியாது. இவர் முகம் விரிந்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து, மூடிய பானட்டையும் கதவையும் சீட்டுப் பூவையும் கையால் காட்டிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டான். அது எனக்குப் புரிந்தது. எந்தப் பைத்தியம் இதற்கு இந்த நிறத்தை அடித்தது என்று கேட்கிறான். பாஷை தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி புரியும், ஊரில் பலபேர் கேட்டதுதான்.

நான் இவரைப் பார்த்தேன். என்னைத்தான் கை காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டறை இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார், "மை ஹவுஸ் கலர், சார்." சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஏதோ மன்னிப்பு மாதிரி முணுமுணுத்துவிட்டுத் தங்கச்சி கையிலிருந்து கைப்பிடியை வாங்கி, புகை பிடிக்கும்வரை அவனே சுற்றினான். கெட்டிக்காரன், எங்களைவிட வேகமாகச் சுற்றினான்.

கோவில்பதாகையில் மேளக்காரர்கள் ஊதி ஓய்ந்து உட்கார்ந்துவிட்ட பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. வண்டி கத்திரிப்பூவாகவும் இல்லை, பாசியாகவும் இல்லை. மேலிருந்து கீழ்வரை கரித்தூள். தங்கச்சிக்கு நெற்றிப் பொட்டு எது, கரி எது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து, அப்படியே நின்றுவிட்டார். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

தங்கச்சி இறங்கி முந்தானையை உதறிக்கொண்டாள். "லேட்டாயிடிச்சி அத்தை. வழியில நின்னுடிச்சி, நானே ஓட்டியாந்தேன்னு வச்சிக்கோங்க" என்றாள்.

அந்த அம்மா தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுத் தன் புடவைத் தலைப்பாலேயே தங்கச்சியின் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. அவர்தான் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். மாப்பிள்ளையைத் தேடினால் ஆள் காணவில்லை. பட்டு வேட்டியோடு வண்டிக்கு அடியில் தலையை விட்டு, துளை எங்கெங்கே போட்டீங்க என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி என்னிடம், "பாரு, எனக்கும் அதே வியாதிக்காரன்தான்" என்றாள்.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் உடனே வந்துவிடவில்லை. வந்த பிறகு பாய்லரைக் கழற்றினோம். கரிப்புகையிலும் வெயிலிலும் நிறம் வெளுத்து, அங்கங்கே உதிர்ந்துவிட்டிருந்தது. புதிதாக அடிக்க வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. எனக்குள் அதற்கு முன்னாலேயே மஞ்சள் ஆசை புகுந்திருந்தது. நல்ல கட்டி மஞ்சள், அரைத்து எடுத்த மாதிரி. எத்தனை நாளைக்குக் கத்திரிப்பூவையே பார்ப்பது?

சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அதெப்படி? இந்த வண்டிக்கு அந்தக் கலர்தான்."

"அது நான் வச்ச கலரு. நான்தானே மாத்தறேன்?"

"யாரு வச்சா இன்னா? அத்தான் ஒரிஜினல்."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதவின் உள்மூலையில் வெயில் படாமல் கொஞ்சம் பழைய பெயிண்ட் மிச்சம் இருந்தது. அதைச் சுரண்டி ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, கரையான்சாவடிக் கடைக்கும் பட்டணத்துக் கடைகளுக்கும் அலைந்தார். இது நீலம் தூக்கல், இது சிவப்பு தூக்கல் என்று திரும்பித் திரும்பி வந்தார். பலகைக்கு மேலே என் இஷ்டம் என்ற ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினேன். அது வண்டியைக் கட்டும்போது போட்டது, இது பராமரிப்பு, வேறு கணக்கு என்றார். வக்கீலின் கொட்டகையில் அந்த வண்டியோடு எதுவோ இவருக்குத் தொற்றியிருக்க வேண்டும்.

கடைசியில் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கத்திரிப்பூ அடித்தார். என்னைவிட நன்றாக அடித்தார், ஒரு திட்டு இல்லை. சண்டை போட்டுச் சக்கரங்களை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். நாலுக்கும் மஞ்சள். அவருக்கு அது பிடிக்கவில்லை, வண்டியில் ஏறும்போது கீழே பார்க்காமல் ஏறுவார்.

அந்தப் பொங்கலுக்குக் கோவில்பதாகைக்குப் போனோம். தங்கச்சி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். கத்திரிப்பூவையும் மஞ்சளையும் பார்த்தாள். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தோம். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பிரேக்கு புடிக்குதா?" என்று கேட்டாள்.